மிளகாய்ச் சாக்கில் தோட்டா

துப்பாக்கி வெடித்தபோது அந்தத் தோட்டத்து வீட்டில் இருந்தவர்கள்:

தங்கப்பாண்டி. வீட்டுக்காரர். குண்டை வாங்கியவர்.

உமாமகேஸ்வரி. அவர் மனைவி. அடுப்படியில் இருந்தேன் என்றாள்.

முனியசாமி. தோட்டக் காவல். கண்மாய்க் கரையைப் பார்க்கப் போயிருந்தேன் என்றான்.

அப்துல் ஹாதி. கீழக்கரை வியாபாரி. மிளகாயைத் துபாய்க்கு அனுப்புகிறவர். பின்கட்டுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன் என்றார்.

தனுஷ்கோடி. மிளகாய்த் தரகர். முன்னறையில் படுத்துத் தூங்கிவிட்டேன் என்றார்.

அமுதவள்ளி. ராமநாதபுரத்தில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள்.

காஜா நவாஸ். அவளுடைய உதவியாள். இவர்கள் இரண்டு பேரும் சேற்றில் புதைந்த காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இவன் சாட்சி. இவனுக்கு அவள் சாட்சி.

சாயல்குடிக்கு மேற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு மேட்டில் நின்றது அந்த வீடு. காலையில் வந்தபோது பாதை இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்மாய் உடைந்து பாதையைத் தின்றுவிட்டது. இப்போது நாலு பக்கமும் தண்ணீர். போன் டவர் விழுந்துவிட்டது. விழுவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஒரு தடவை லைன் கிடைத்தது. தண்ணி வடியட்டும், வாரோம் என்றார்கள்.

தண்ணீர் வடிந்தால் முதலில் வரப்போவது அவர்கள் இல்லை. எதிர்க்கரையில் தங்கப்பாண்டியின் பங்காளிகள் கூடி நின்றார்கள். கையில் இருப்பது கம்பா அரிவாளா என்று மழையில் தெரியவில்லை. முனியசாமி இங்கிருந்து கத்தியதில் அவர்களுக்கு இரண்டு சேதி போயிருந்தது. அண்ணனைச் சுட்டுவிட்டார்கள் என்பது ஒன்று. சுட்டது வெளியூர் யாவாரி என்பது இன்னொன்று.

வீட்டில் இருந்த எல்லோரும் மழை நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்துல் ஹாதி மட்டும் நிற்கக்கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு எதிராக இருந்த சாட்சி அவருடைய கண்கள். இரண்டும் வீங்கிச் சிவந்து, திறக்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தன. தோட்டாக்கள் இருந்த இடம் மிளகாய்ச் சாக்கு.

அது ரகசியமே இல்லை. சாப்பிடும்போது தங்கப்பாண்டியே சொன்னதுதான். சுவரில் மாட்டியிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி நவாஸ் ஏதோ கேட்கப்போக, மனிதர் இலையை மறந்துவிட்டார். பன்றி வந்தால் இது. கொக்கு காக்கா விழுந்தால் இது. வெறிநாய்க்கு இது. அய்யா செத்தபோது வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டது இது. கோயில் கொடைக்கு முதல் வெடி இது. கரிமூட்டத்துக்குத் திருட்டு விறகு வெட்ட வருகிறவனுக்கும் இதுதான். மற்றவன் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமான் வாங்கி வைத்திருக்கிறான், எனக்கு இந்த ஒரு கட்டை போதும் என்றார். தூரத்து வயலில் நிற்கும் முனியசாமியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூடச் சுட்டிருக்கிறாராம். காபிக்கும் ஒரு தடவை சுட்டாக என்று உமாமகேஸ்வரி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

லைசென்ஸ் துப்பாக்கி. சுவரில் சும்மாதான் தொங்கும். தோட்டா மட்டும் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில், வாசலை ஒட்டின முதல் சாக்கில், ஒரு துணிப்பைக்குள் மிளகாயோடு மிளகாயாகப் புதைந்து கிடக்கும். ஈரம் அண்டாது, எலி அண்டாது, திருடனும் அண்ட மாட்டான் என்றார் தங்கப்பாண்டி.

இப்போது அதே சாக்குக்கு முன்னால் கிடந்தார். மேலே ஒரு தார்ப்பாயை விரித்திருந்தார்கள். துப்பாக்கி வாசல்படியில் கிடந்தது.

“ஒரு சந்தேகம் அக்கா,” என்றான் நவாஸ். “செத்தவர் வீட்டுச் சாப்பாடு நமக்குச் செரிக்குமா?”

“வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடிலே.”

அமுதவள்ளி துப்பாக்கியைத் துணியால் பிடித்து எடுத்தாள். இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதது இது ஒன்றுதான் என்று நினைத்தாள். குழலை மடக்கினாள். உள்ளே இரண்டு தோட்டா. இரண்டும் சிவப்பு. ஒன்று வெடித்தது, ஒன்று வெடிக்காதது. உருவித் தன் கைப்பைக்குள் போட்டாள். பிறகு துப்பாக்கிக் கட்டையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“எடுத்துச் சாப்பிட்டுறாதீக,” என்றான் நவாஸ்.

“மோந்து பாரு.”

அவன் மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். “எங்க வீட்டுச் சின்னம்மா தலை மாதிரி இருக்கு.”

தேங்காய் எண்ணெய். கட்டை முழுக்க விரல் விரலாகப் பிசுபிசுத்தது.

அமுதவள்ளி அடுப்படிக்குப் போனாள். உமாமகேஸ்வரி அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து. தங்கப்பாண்டி துப்பாக்கியை எதைப் போட்டுத் துடைப்பார் என்று அமுதவள்ளி கேட்டதற்கு நிமிராமலே பதில் சொன்னாள். தையல் மெஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து விசை இறுகிப்போகும் என்று யாரையும் தொட விடமாட்டார். போன வாரம்கூட அவர்தான் துடைத்தார்.

“உள்ள இருந்த தோட்டா சிவப்பு. வேற கலரும் உண்டா? எது எதுக்கும்மா?”

“பச்சை பன்னிக்கு. உள்ள ரவை பெருசு. சிவப்பு பொடிரவை, கொக்கு காக்காவுக்கு. எதுக்குக் கேக்குறீக?”

அமுதவள்ளி வெளியே வந்தாள். முனியசாமியைத் தேடிப் போய் அதையே கேட்டாள். அவனும் அதையே சொன்னான். இந்த வீட்டில் நாய்க்குக்கூட அது தெரியும் என்றான்.

திரும்பிக் கிட்டங்கிக்கு வந்தார்கள். நவாஸ் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு சாக்குக்குள் கரண்டியை விட்டுத் துணிப்பையை எடுத்தான். பையில் மேலாகக் கிடந்தவை எல்லாம் பச்சை. சிவப்பு அடியில் கிடந்தது.

“ஆளைக் கொல்ல வந்தவன் கொக்குத் தோட்டாவை எடுத்திருக்கான்,” என்றான் நவாஸ். “சிக்கனக்காரன்.”

“அவசரத்துல கைக்கு வந்ததை எடுத்திருந்தா பச்சைதான் வந்திருக்கும். இவன் பச்சையை ஒதுக்கிட்டுத் தோண்டிச் சிவப்பை எடுத்திருக்கான். ரெண்டும் சிவப்பு. ஏன்?”

“கலர் பிடிச்சிருக்கும்.”

அமுதவள்ளி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

“பையை இருந்த இடத்துலயே வை,” என்றாள்.

வாசல் நிலையில் ஒரு ஆணி. ஆணியில் கயிறு கட்டி ஒரு பழைய மருந்து பாட்டில் தொங்கியது. பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய். காம்பு கிள்ள வரும் பெண்கள் கையில் தடவிக்கொள்வதற்கு. தடவினால் எரியாது.

அப்துல் ஹாதி முன்னறையில் ஈரத்துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிடந்தார். நிலையில் தொங்கும் எண்ணெய் பாட்டில் எதற்கு என்று அமுதவள்ளி கேட்டாள். அவருக்கு அப்படி ஒரு பாட்டில் இருந்ததே தெரியவில்லை. விளக்கெண்ணெயா என்றார். வாப்பா காலத்திலிருந்து மிளகாய் வியாபாரம்தான், ஆனால் அவர் பார்த்ததெல்லாம் தைத்த சாக்கும் லேப் பேப்பரும். தொட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான். தங்கப்பாண்டி சாக்கைப் பிரித்துக் காட்டினார், இவர் முழங்கை வரை விட்டு அள்ளினார், பிறகு கண்ணைக் கசக்கினார். தங்கப்பாண்டி அவரைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு ஓடி, கண்ணில் ஊற்ற மோர் எடுக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார். மோரைக் கொடுத்துவிட்டு, சாக்கைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிட்டங்கிக்குத் திரும்பினார். அப்புறம் சத்தம்.

“வெறும் கையை விட்டதுக்கு எனக்கு இந்தக் கதிம்மா,” என்றார். “தோட்டா எடுக்க ஒரு தடவை, சாம்பிள் பாக்க ஒரு தடவைன்னு ரெண்டு தடவை விட்டிருந்தா நான் இந்நேரம் குருடு.”

அவர் அமுதவள்ளியைக் கூட்டிவந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாகத் துபாயிலிருந்து சரக்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. உருண்டைக் காய்க்குப் பதிலாக எங்கிருந்தோ வந்த பழைய நீட்டு மிளகாயில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். சரக்கெல்லாம் தங்கப்பாண்டி கிட்டங்கியிலிருந்து வருவதாகத் தரகர் தனுஷ்கோடி சொன்னார். நேரில் பார்த்துவிடுவோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் கிளம்பினார்கள். தனுஷ்கோடியைச் சாயல்குடி பஜாரில் டீக்கடையில் வைத்தே காரில் ஏற்றினார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் முகத்தோடு முகம் பார்த்தது இன்றைக்குத்தான் முதல் தடவை.

தனுஷ்கோடி அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு. நல்ல மனிதர். வெடிச்சத்தம் கேட்டதிலிருந்து ஹாதிக்காகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்தான். பாய் அப்படிப்பட்டவர் இல்லை என்று முனியசாமியிடம் சண்டைகூடப் போட்டார். இப்போது, மருந்தடிக்கிற பிளாஸ்டிக் டிரம் மூன்றைக் கயிறு போட்டுத் தெப்பமாகக் கட்டிவிட்டேன் என்றார். பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினால் கருவேலங்காட்டுக்குள் போய்விடலாம். அங்கிருந்து ரோடு பக்கம்.

“பாய், யோசிக்காதீக. தண்ணி இறங்குது, வேலிக்கல் தலை தெரிய ஆரம்பிச்சிருச்சு. அவங்ய வந்துட்டா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்ய.”

ஹாதி எழுந்தே விட்டார். செருப்பைத் தடவித் தேடினார். அமுதவள்ளி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஓடினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், பிறகு போலீசும் நம்பாது என்றாள். இருந்தால் உயிர் போகும் என்றார் தனுஷ்கோடி. இரண்டும் உண்மையாக இருந்தது. ஹாதி நடுவில் உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திறக்க முடியாமல்.

மழை நின்றிருந்தது. வேலிக்கல் ஒவ்வொன்றாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு பனைமரத் துண்டை உருட்டும் சத்தம் கேட்டது.

அமுதவள்ளி வெளியே வந்து முனியசாமியை ஓரமாகக் கூட்டிப்போனாள். வெளியூர் யாவாரி சுட்டான் என்று கத்தினாயே, நீ பார்த்தாயா என்று கேட்டாள். அவன் பார்க்கவில்லை. ஓடி வந்தபோது தரகர் வாசலில் நின்றாராம். அவர்தான் சொன்னாராம்.

“என்ன சொன்னாரு?”

“பாய் கண்ணைப் பாரு, சாக்குக்குள்ள கை விட்டிருக்காருன்னு சொன்னாரு. நானும் வெளிய சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதன்னாரு. எனக்கு மனசு கேக்கல, கத்திட்டேன்.”

நவாஸ் மெல்ல விசில் அடித்தான். “அக்கா, நம்ம பக்கம் நிக்கிறவரு முதுகுக்குப் பின்னாடியும் நிக்கிறாரு.”

“பேச்சை நம்பி ஒருத்தனைப் பிடிக்க முடியாது. வா.”

அவள் எல்லோரையும் கிட்டங்கி வாசலுக்குக் கூப்பிட்டாள். உமாமகேஸ்வரி வந்து சுவரோரம் நின்றாள். ஹாதியை நவாஸ் கைபிடித்துக் கூட்டிவந்தான். ஓடப்போவதில்லை, பாய் இங்கேயே இருப்பார் என்றாள் அமுதவள்ளி. வருகிறவர்களை நிறுத்த ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. துப்பாக்கியை நிரப்பிக்கொண்டு வாசலில் நிற்கலாம். சுட வேண்டாம், காட்டினால் போதும். ஆனால் சும்மா காட்டக்கூடாது, உள்ளே தோட்டா இருக்க வேண்டும். குழலை மடக்கிக் காட்டினாள். காலி.

“தனுஷ்கோடி அண்ணே, பாய்க்குன்னு இங்கன நிக்கிற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். நவாசுக்கு மிளகாய் ஆகாது. பையிலருந்து நல்லா பலமான தோட்டாவா ரெண்டு எடுத்துக் குடுங்க. சீக்கிரம்.”

கரையில் தண்ணீர் சளசளத்தது. முதல் ஆள் இறங்கிவிட்டான்.

தனுஷ்கோடி சாக்கைப் பார்த்து நடந்தார். தார்ப்பாயைப் பார்க்காமல் தாண்டினார். அதற்கு முன்னால், போகிற போக்கில், நடையை நிறுத்தாமல், அவர் கை தானாக நிலையில் தொங்கிய பாட்டிலைப் பிடித்துச் சாய்த்தது. உள்ளங்கையில் எண்ணெயை வாங்கி, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்தார். முப்பது வருடமாக எந்தச் சாக்கைத் தொடுவதற்கு முன்பும் செய்கிற வேலை. பிறகு கையை விட்டுப் பையை வெளியே இழுத்தார். பச்சைத் தோட்டாக்களைப் பெருவிரலால் ஒதுக்கினார். அடியிலிருந்து இரண்டு சிவப்பை எடுத்து நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

“எதுக்குண்ணே சிவப்பு?” என்றாள் அமுதவள்ளி.

“இதுதானே பலமா இருக்கும்?”

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நல்ல சிவப்பு என்றால் நல்ல காரம், முதல் தரம். அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

“அது கொக்குக்குப் போடுறது,” என்றாள் உமாமகேஸ்வரி. குரல் உயரவில்லை.

“இந்த வீட்டு ஆளா இருந்தா பச்சையை எடுத்திருப்பாங்க,” என்றாள் அமுதவள்ளி. “வெளியாளா இருந்து மிளகாய் தெரியாதவரா இருந்தா எண்ணெய் தேச்சிருக்க மாட்டாரு. கட்டையில எண்ணெய் இருக்கு. சுட்டது சிவப்பு. வெளியாளு, ஆனா மிளகாய்க்காரர். அப்படி இந்த மேட்டுல ஒருத்தர்தான் இருக்கார். பாய், கண்ணைக் கசக்குறதுக்கு முன்னாடி நீங்க தங்கப்பாண்டி அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?”

ஹாதி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். “இப்படி உருண்டைக் காயை நான் பார்த்ததே இல்லையேன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். ரெண்டு வருசமா உங்களுக்குத்தானேங்க ஏத்தி விடுறேன்னார்.” நிறுத்தினார். “தனுஷ்கோடி பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தாப்ல.”

நல்ல காய் வேறு எங்கோ போயிருக்கிறது. சாயக் காய் கீழக்கரைக்குப் போயிருக்கிறது. இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாத வரை தரகன் பிழைத்தான். ஒரே ஒரு பேச்சில் முடிந்துவிட்டது. ஒருவர் கண் எரிந்து தொட்டிக்கு ஓடினார், மற்றவர் மோர் எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கியது.

“அவர் திரும்பி வந்து, முதல்ல கேட்டதே அதைத்தான்,” என்றான் தனுஷ்கோடி. தன் எண்ணெய்க் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “என் சரக்கு எங்கடா போச்சுன்னு கேட்டார். நான் சுடணும்னு… மிரட்டத்தான் எடுத்தேன்.”

“மிரட்டுறதுக்கு ஒரு தோட்டா எதுக்கு, ரெண்டு எதுக்கு?” என்றான் நவாஸ். “சும்மா குழலைக் காட்டினாலே ஊர் பயப்படுமே அண்ணே.”

தனுஷ்கோடி அவனைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே பார்த்தான். பனைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்கள். கையில் இருந்தது கம்பு இல்லை. இப்போது தெளிவாகத் தெரிந்தது.

உமாமகேஸ்வரி வாசல் மேட்டில் போய் நின்றாள். முன்னால் வந்தவன் அவளைப் பார்த்து நின்றான்.

“மதினி, எங்க அவன்? அந்த யாவாரி?”

“யாவாரி இல்ல. அவுக செய்யல. அவுக மேல யாரும் கை வைக்கக்கூடாது.”

அப்துல் ஹாதி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“அப்ப யாரு?” என்றான் தண்ணீரில் நின்றவன்.

அவள் திரும்பிக் கிட்டங்கிக்கு வந்தாள்.

தனுஷ்கோடி அமுதவள்ளியின் சேலைத் தலைப்பைப் பிடித்தான். எண்ணெய் சேலையில் ஒட்டியது. ஓட இடமில்லை என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. அவன் கட்டிய டிரம்கள் பின்பக்கம் கிடந்தன. அந்தப் பக்கமும் இரண்டு தலை தெரிந்தது.

“தாயி, என் பேரைச் சொல்லிறாதீக. போலீஸ் வந்ததும் எல்லாத்தையும் நானே ஒப்பிச்சிருதேன். அதுவரைக்கும் எங்கனயாச்சும் போட்டுப் பூட்டிருங்க.”

பூட்டக்கூடிய அறை ஒன்றுதான் இருந்தது. பன்றிக்கும் திருடனுக்கும் பயந்து தங்கப்பாண்டி போட்ட இரும்புச் சட்டம் வைத்த கதவு, கிட்டங்கிக்கு மட்டும்தான். நவாசும் முனியசாமியும் தார்ப்பாயோடு தங்கப்பாண்டியைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடம் காலியானதும் தனுஷ்கோடி யாரும் தள்ளாமல் தானே உள்ளே போனான். சாக்குகளுக்கு நடுவில், ஈரத்தரையைத் தாண்டி, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். தும்மினான்.

உமாமகேஸ்வரி கதவை இழுத்தாள். சட்டத்தைப் போட்டாள். இடுப்புக் கொத்திலிருந்து சாவியைப் பார்க்காமலே எடுத்துப் பூட்டினாள். சாவிக்காக அமுதவள்ளி கையை நீட்டினாள். அவள் அதைக் கொத்தோடு திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டேஷன் ஜீப்பின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. மேட்டில் ஈரக்கால்கள் ஏறும் சத்தம் வந்தது.

“சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டான் தனுஷ்கோடி உள்ளேயிருந்து.

உமாமகேஸ்வரி பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.